மர ஃபிங்கர்போர்டு டெக் வந்துவிட்டது, ஒல்லி வரவில்லை. கோளாறு பலகையிலா, என் விரலிலா?

காட்பாடி_26
ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். ஊர் காட்பாடி, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஒன்றரை வருஷமாக ஃபிங்கர்போர்டு, அதாவது இரண்டு விரலால் ஓட்டுகிற குட்டி ஸ்கேட்போர்டு, ஓட்டுகிறேன். இதுவரை ஓட்டியது பொம்மைக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் போர்டு மட்டும்தான். 96 மி.மீ. நீளம், ஸ்கேல் வைத்து அளந்தால் அகலம் 26. அதில் ஒல்லி (வாலைத் தட்டி போர்டை விரலோடு எழுப்புவது) பத்துக்கு எட்டு முறை வந்துவிடும், கிக்ஃப்ளிப்கூட (எழும்பின போர்டை ஒரு சுற்றுச் சுழற்றுவது) மூன்று நான்கு வரும். அடுத்தது மர டெக்தான் (சக்கரம் இல்லாத வெறும் பலகை) என்று ஆறு மாதம் காசு சேர்த்து, கையாலேயே டெக் செய்து தரும் ஒருவரிடம் சொல்லி வைத்து வாங்கினேன். ஐந்து அடுக்கு மேப்பிள் மரம், அகலம் 33, நீளம் 97, நடு அடுக்குக்கு மட்டும் நீலச் சாயம். 1,100 ரூபாய். போன செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது.

பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது. பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் ஐந்து கோடு தெரிகிறது, நடுவில் அந்த நீலக் கோடு மயிரிழை மாதிரி மூக்கு என்கிற முன் நுனியிலிருந்து வால் என்கிற பின் நுனி வரை ஓடுகிறது. வால் ஓரத்தில் அரம் பட்ட தடம் ஒன்று, வார்னிஷுக்கு அடியில் மெல்லியதாகத் தெரிகிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து ராவியிருக்கிறார் என்று நினைத்தால் அதை எடுத்துத் தேய்க்கவே மனசு வரவில்லை.

ஆனால் ஓட்டினால்தான் பிரச்சினை. பழைய போர்டின் ட்ரக் (பலகைக்கு அடியில் சக்கர அச்சைத் தாங்குகிற பாகம்), சக்கரம் எல்லாவற்றையும் கழற்றி இதில் போட்டேன். ஓட்டை சரியாகப் பொருந்தியது, அதில் குறையில்லை. ஆனால் விரலை வைத்ததுமே ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஒல்லி அடித்தால் மூக்கு தூக்குகிறது, வால் தரையை விட்டு வரவே மாட்டேன் என்கிறது, வந்தாலும் இடப்பக்கம் ஓடிவிடுகிறது. பிடிப்புக்கு ஃபோம் எதுவும் கூட வரவில்லை, அதனால் ஹார்ட்வேர் கடையில் 220 நம்பர் உப்புத்தாள் வாங்கி ஒட்டினேன், இரண்டே நாளில் நடுவிரல் நுனி தேய்ந்து எரிய ஆரம்பித்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேல், முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்து அதன் மேல் நிறுத்திப் பார்த்தால் முன்பக்க இடது சக்கரம் தொடவில்லை. ஒரு போஸ்ட்கார்டை அடியில் செருகலாம், அவ்வளவு இடைவெளி.

ஐந்து நாள், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது முயற்சி செய்திருப்பேன். ஒல்லி மொத்தம் நான்குதான் வந்திருக்கும். செய்தவரிடம் பலகை கோணல் என்று சொல்லித் திருப்பி அனுப்பலாமா? அவரும் என் வயசுப் பையன்தான், தனியாகச் செய்கிறார், தப்பாகச் சொல்லி அவர் மனசை நோகடித்துவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. அதற்கு முன் உங்களைக் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். மர டெக்குக்குப் போன அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்கள்.


சத்துவாச்சாரி_கடப்பா
ஞாயிறு இரவு

தம்பி, பதறாதே. அவருக்கு இப்போது ஒன்றும் எழுதாதே. நீ சொன்னதில் கண்ணாடி விஷயம் ஒன்றைத் தவிர மற்றது எதற்கும் பலகை பொறுப்பில்லை, கண்ணாடி விஷயமும் பலகைதானா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ட்ரக். 26 அகலத்துக்குச் செய்த ட்ரக்கை 33 பலகைக்குப் போட்டால் இரண்டு பக்கமும் சக்கரம் மூன்றரை மில்லிமீட்டர் உள்ளே நிற்கும். பலகை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கால் நெருக்கமாக இருக்கிற ஸ்டூலில் ஓரமாக உட்கார்ந்தால் என்ன ஆகும்? அதுதான் உனக்கு ஆகிறது. நீ விரலை நடுவில் வைத்ததாக நினைக்கிறாய், ஒரு மில்லிமீட்டர் ஓரமாகப் போனாலே கவிழப் பார்க்கும். ஜெர்மனியின் பிளாக்ரிவர் மாதிரி ட்ரக் செய்கிறவர்கள் 29, 32, 34 என்று அளவு பிரித்து வைத்திருப்பது இதற்காகத்தான். உன் பலகைக்கு 32 அல்லது 34. சக்கரத்தின் வெளி ஓரமும் பலகையின் ஓரமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வர வேண்டும். வெளிநாட்டு ட்ரக்தான் வேண்டும் என்பதில்லை, நம் நாட்டிலேயே ஆன்லைனில் 32 கிடைக்கிறது, முதல் செட்டுக்கு அதுவே தாராளம்.

அடுத்தது, ட்ரக்குக்குள் இருக்கும் ரப்பர் வளையம், புஷிங். பிளாஸ்டிக் போர்டோடு வருகிற ட்ரக்கில் அது கல் மாதிரி இருக்கும் அல்லது பொலபொல என்று இருக்கும், நடுவாக இருக்காது. புது ட்ரக் வரும் வரைக்கும் ஒரு வேலை செய். சைக்கிள் கடையில் வால்வ் டியூப் ஒரு முழம் வாங்கு. அதில் இரண்டு மில்லிமீட்டர் துண்டு பிளேடால் நேராக வெட்டிக் கிங்பின்னில் (ட்ரக்கின் நடு ஆணி) போட்டு நட்டை இறுக்கு. நட்டு ரப்பரைத் தொட்டதும் அரைச் சுற்று, அவ்வளவுதான். நான் முதல் இரண்டு வருஷம் வால்வ் டியூபிலேயேதான் ஓட்டினேன், தேய்ந்தால் மறுபடி வெட்டிப் போட்டுக்கொள்வேன்.

ஸ்க்ரூ எட்டையும் வாட்ச் ரிப்பேர்காரர்கள் வைத்திருக்கிற சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருகு. பிளாஸ்டிக்கில் திருகின வேகத்தில் மரத்தில் திருகாதே, தலை உள்ளே புதைந்து மேல் அடுக்கு நசுங்கிவிடும்.

இப்போது விரல். நீ இத்தனை நாள் 26இல் ஓட்டினாய், அதில் உன் ஆள்காட்டி விரல் பலகையை ஏறக்குறைய முழுசாக மூடியிருக்கும், ஓரம் எங்கே என்று தேட வேண்டிய வேலையே இல்லை. 33இல் விரலுக்கு இரண்டு பக்கமும் இடம் மிச்சம் இருக்கிறது. இடப்பக்கம் ஓடுகிறது என்றால் ஆள்காட்டி விரல் ஒரு ஓரமாக நிற்கிறது என்று அர்த்தம், போனில் மேலேயிருந்து வீடியோ எடுத்துப் பார், தெரிந்துவிடும். நடுவிரல் வாலின் நட்டநடுவில், ஆள்காட்டி விரல் முன் ஸ்க்ரூக்களுக்குச் சற்றுப் பின்னால். அப்புறம் அடிக்கிற பலத்தைக் குறை. பிளாஸ்டிக் வளையும், அதனால் ஓங்கி அடித்துப் பழகியிருப்பாய். நன்றாக அழுத்தி ஒட்டின மரம் விறைப்பாக இருக்கும், வால் தரையைத் தொட்ட கணமே எகிறிவிடும், உன் ஆள்காட்டி விரல் முன்னே தேய்த்துப் போவதற்குள் அது எகிறி முடித்திருக்கும். மூக்கு தூக்கி வால் வராததற்குக் காரணம் இதுதான். மெதுவாகத் தட்டு, ஆனால் ஆள்காட்டி விரலைச் சீக்கிரம் முன்னால் கொண்டுபோ. முதல் வாரம் ஒல்லியைக்கூட விட்டுவிடு, சும்மா உருட்டு, திருப்பு, வாலை அமுக்கி மூக்கைத் தூக்கி நிறுத்தி உருட்டிப் பழகு. விரல் அகலத்தைத் தெரிந்துகொள்ளட்டும்.

உப்புத்தாளை இன்றைக்கே உரித்துவிடு. அது கால் செருப்புக்கு, விரல் தோலுக்கு அல்ல.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். கையால் செய்தது, கம்பெனி மாதிரி வருமா என்ற சந்தேகம் உன் எழுத்தில் தெரிகிறது, அதனால் சொல்கிறேன். இந்த விளையாட்டே கையால் செய்த மரத்தில்தான் ஊர் அறிய வந்தது. 1985இல் அமெரிக்க ஸ்கேட்டர் லான்ஸ் மவுன்டன் ஒரு ஸ்கேட் வீடியோவில் சமையலறைத் தொட்டியில் ஓட்டிக் காட்டினாரே, அந்தக் குட்டி போர்டு மரமும் டியூபும் பொம்மை ரயிலின் அச்சும் வைத்து வீட்டில் செய்தது. டெக் டெக் (Tech Deck) என்ற பிராண்டின் பிளாஸ்டிக் போர்டு சந்தைக்கு வந்தது அதற்கு 13 வருஷம் கழித்து, 1998இல்.


இழைப்புளி
திங்கள் காலை

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தச்சு வேலை. நான் இப்போது வேறு வேலைக்குப் போகிறேன் என்றாலும் ஞாயிற்றுக்கிழமை பட்டறையில்தான் இருப்பேன். சத்துவாச்சாரி அண்ணன் ட்ரக் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. நான் மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தம்பி, பலகை கோணலா இல்லையா என்பதை ட்ரக் மாட்டிக்கொண்டு பார்க்கக் கூடாது. எல்லாவற்றையும் கழற்று. வெறும் பலகையை அதே கண்ணாடி மேல் கவிழ்த்து வை. மூக்கும் வாலும் வளைந்திருப்பதால் அந்த இரண்டு நுனி மட்டும்தான் கண்ணாடியைத் தொடும். இப்போது மூக்கின் இடது ஓரத்தை ஒரு விரலால் லேசாகத் தட்டு, பிறகு வலது ஓரத்தை. முறுக்கிக்கொண்ட பலகை என்றால் டக் டக் என்று ஆடும். ஆடாமல் உட்கார்ந்தால் மரம் நேராக இருக்கிறது. அதற்கப்புறம் ட்ரக் இரண்டையும் உன் பழைய பிளாஸ்டிக் போர்டில் போட்டு நட்டை நன்றாக இறுக்கிக் கண்ணாடியில் நிறுத்து. அதிலும் சக்கரம் தூக்கினால் குற்றவாளி ட்ரக். முன்பு உனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், புஷிங் தளர்வாக இருந்தால் ட்ரக் தானாக வளைந்துகொடுத்து நான்கு சக்கரத்தையும் தரையில் உட்கார வைத்துவிடும்.

முன்னே பின்னே மாற்றிப் போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள், அது உதவாது. ட்ரக்கை மாற்றும்போது திருப்பித்தான் போட வேண்டும், அப்படிப் போட்டால் கோணல் அதே மூலைவிட்டத்தில்தான் வந்து நிற்கும். நான் ஒரு மாலை முழுக்க இதில் குழம்பியிருக்கிறேன்.

இன்னொரு வழி கண். எங்கள் அப்பா எந்தப் பலகையை வாங்கினாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனையை நோட்டம் பார்ப்பார், அதே மாதிரி மூக்கிலிருந்து வாலைப் பார். இரண்டின் விளிம்பும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். அப்புறம் நடுவில் குறுக்காக ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஸ்கேலுக்கு அடியில் பிறை மாதிரி வெளிச்சம் வரும், அதுதான் பலகையின் நடுவில் இருக்கிற குழிவு. பிறை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒடுங்குகிறதா பார். கையால் ராவியதில் அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் அது குறை இல்லை. முறுக்கும் அடுக்கு பிரிவதும்தான் குறை.

அடுக்கு பிரிந்திருக்கிறதா என்பதற்குக் காது போதும். நகத்தால் மூக்கு, நடு, வால் என்று மூன்று இடத்திலும் சுண்டு. ஒட்டு நன்றாகப் பிடித்திருந்தால் மூன்று இடத்திலும் கணீர் என்று ஒரே சத்தம், எங்காவது பொத்தென்று கேட்டால் அங்கே உள்ளே காற்று இருக்கிறது.

மேப்பிள் ஏன் என்று கேட்பாய். பெரிய ஸ்கேட்போர்டே வட அமெரிக்காவின் கடின மேப்பிள் ஏழு அடுக்கில்தான் செய்கிறார்கள், அதே பழக்கம் இதற்கும் வந்தது. இதில் அரை மில்லிமீட்டர் சொச்சம் கனத்தில் ஐந்து தாள். ஒன்று, மூன்று, ஐந்தில் ரேகை நீளவாக்கில் ஓடும், இரண்டும் நான்கும் குறுக்கே. எல்லாவற்றையும் நீளவாக்கிலேயே போட்டால் ட்ரக் ஸ்க்ரூ வரிசையிலேயே நீளமாகப் பிளந்துவிடும். பசை தடவி, வளைவுள்ள அச்சுக்குள் வைத்து கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க அழுத்தி வைக்க வேண்டும். அவசரப்பட்டு நான்கு மணி நேரத்தில் எடுத்தால் மூக்கு மெல்ல மெல்ல நிமிர்ந்துவிடும். அதற்குப் பிறகு வடிவம் வெட்டி, ஓட்டை போட்டு, அரம், உப்புத்தாள் 120, 220, 400, வார்னிஷ். 1,100 ரூபாய்க்கு இந்த வேலை எனக்குக் குறைவாகத்தான் படுகிறது.

நானே செய்து பார்த்தவன். ப்ளைவுட் கடையில் கதவுக்கு ஒட்டுகிற தேக்கு வெனீர் வெட்டுத் துண்டு சும்மா கிடைத்தது, அதில் இரண்டு செய்தேன். தேக்கில் எண்ணெய் இருக்கும், தின்னர் போட்டுத் துடைக்காமல் ஒட்டினேன், மூன்றாம் நாள் வாலில் அடுக்கு வாய் திறந்துவிட்டது. இரண்டாவதைத் துடைத்துவிட்டு ஒட்டினேன், அது இன்னும் இருக்கிறது. எங்கள் ஊரில் தீப்பெட்டி வேலை நடக்கிறதே, குச்சிக்கு உரிக்கிற மரத்தில் செய்யலாமே என்று ஒருவர் கேட்டார், செய்தும் பார்த்தேன், ரொம்ப மெத்து, ஒரே வாரத்தில் வால் நார் நாராகப் போய்விட்டது. அப்பா முதலில் "இன்னாபா, பொம்மைக்கு இம்மாம் வேலையா?" என்றார். பிறகு அந்தத் துண்டைக் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடி, மூக்கிலிருந்து வாலைப் பார்த்துவிட்டு, "பின்னாடி வலது பக்கம் கொஞ்சம் ராவு" என்று திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து எனக்கு இதில் பிடிப்பு அதிகமாகிவிட்டது.


காட்பாடி_26
திங்கள் இரவு

அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வகுப்பு முடிந்து வந்ததும் முதல் வேலையாகச் சோதனை செய்தேன்.

வெறும் பலகை கண்ணாடியில் ஆடவே இல்லை. நான்கு ஓரமும் தட்டினேன், அசையவில்லை. நகத்தால் சுண்டினால் எல்லா இடத்திலும் ஒரே சத்தம். ட்ரக்கைப் பழைய போர்டில் போட்டு இறுக்கினேன், அதே இடது சக்கரம் அங்கேயும் தூக்குகிறது. அச்சைத் தனியாகக் கழற்றிக் கண்ணாடியில் உருட்டினேன், நடுவில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளைவு. போன வருஷம் மாடிப்படியிலிருந்து விழுந்தது ஒருமுறை, அப்போது வளைந்திருக்க வேண்டும். அவரிடம் பலகை கோணல் என்று எழுதி அனுப்பியிருந்தால் எவ்வளவு பெரிய தப்பு செய்திருப்பேன்.

32 ட்ரக்கும் பேரிங் வைத்த சக்கரமும் சேர்த்து ஆர்டர் போட்டுவிட்டேன், வெள்ளிக்கிழமைக்குள் வரும். உப்புத்தாளை உரித்தாகிவிட்டது, கீழே பிசின் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, எதைப் போட்டு எடுப்பது? அதற்குப் பதில் ஃபோம் எங்கே கிடைக்கும்? இன்னொன்று, நான் ஓட்டுவது படிக்கிற மேஜை மேல், சன்மைக்கா. அது சரியான இடம்தானா?


ஆம்பூர்_தையல்
செவ்வாய் மதியம்

தம்பி, ஃபோமுக்கு நான் பதில் சொல்கிறேன். நான் ஷூ மேல்பாகம் தைக்கிற பிரிவில் வேலை செய்கிறேன், பத்து வருஷம் ஆகிறது. என் பையன் ஒன்பதாவது படிக்கிறான், அவன் மூலம்தான் எனக்கு இந்தப் பழக்கம். இப்போது அவன் பள்ளிக்குப் போன பிறகும் நான் ஓட்டுகிறேன்.

ஷூவுக்கு உள்ளே பாதம் படுகிற இடத்தில் ஃபோம் ஷீட் வைப்போம். அதில் ஒரு மில்லிமீட்டர் கனமும் உண்டு, ஆம்பூர், ராணிப்பேட்டை, வேலூர் எங்கேயும் ஷூ சாமான் விற்கிற கடையில் கேட்டால் வெட்டிக் கொடுப்பார்கள். கேட்கும்போது விரலால் அழுத்திப் பார்த்து வாங்கு. அழுத்தினால் குழிந்து உடனே எழும்ப வேண்டும், வழவழப்பாக இருக்கக் கூடாது, லேசாகப் பொரபொரவென்று துணி மாதிரி இருந்தால் நல்லது. கருப்பு வாங்கு, வெள்ளை இரண்டே நாளில் அழுக்காகிவிடும். ஒட்டுவதற்கு ரப்பர் சொல்யூஷன். பலகையிலும் ஃபோமிலும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு ஒன்றின் மேல் ஒன்று வை. ஈரமாக இருக்கும்போது வைத்தால் வழுக்கிக்கொண்டே இருக்கும், இது புதிதாக வேலைக்கு வருகிற எல்லாரும் செய்கிற தவறு. ஃபோமைப் பலகையைவிடப் பெரிசாக வெட்டி ஒட்டிவிட்டு, பிறகு புது பிளேடைச் சாய்த்துப் பிடித்து ஓரமாக ஒரே இழுப்பில் அறுத்து எடு. நிறுத்தி நிறுத்தி அறுத்தால் பல்லுப் பல்லாக வரும். ஸ்க்ரூ மாட்டிய பிறகுதான் ஃபோம் ஒட்ட வேண்டும் என்று சிலர் செய்கிறார்கள், அப்படிச் செய்தால் ட்ரக் மாற்றும்போதெல்லாம் ஃபோமைக் கிழிக்க வேண்டி வரும். நான் முதலில் ஒட்டிவிட்டு, ஊசியால் அடியிலிருந்து ஓட்டை வழியாகக் குத்தி இடம் பார்த்துக்கொண்டு ஸ்க்ரூ போடுகிறேன்.

பிசினுக்கு, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் கட்டை விரலால் உருட்டு, உருண்டு உருண்டு வந்துவிடும். முடிந்ததும் எண்ணெய் மிச்சம் இல்லாமல் துடைத்துவிடு, இல்லையென்றால் ஃபோம் ஒட்டாது.

ஒரே ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இரு. நம் ஊர் வெயில். போன மே மாதம் வேலூர் கோட்டைக்குப் போயிருந்தோம், பையன் அவனுடைய மர டெக்கை வண்டியின் டேங்க் கவரில், வெயில் படுகிற மாதிரி வைத்துவிட்டு வந்துவிட்டான். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தொட முடியாத சூடு, மூக்குப் பக்கம் மேல் அடுக்கு இலை மாதிரி எழும்பி நிற்கிறது. வெள்ளைப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். அவன் அழுதுவிட்டான். வீட்டுக்கு வந்து, மருந்துக் கடையில் இன்சுலின் ஊசி ஒன்று வாங்கி, பசையில் துளி தண்ணீர் கலந்து அந்த இடுக்குக்குள் செலுத்தினேன். மறுபக்கம் பசை பிதுங்கி வரும் வரைக்கும் செலுத்த வேண்டும். ஈரத்துணியால் துடைத்து, இரண்டு பக்கமும் ஷூ அட்டைத் துண்டு வைத்து, ஃபைலுக்குப் போடுகிற கருப்புக் கிளிப் இரண்டைப் போட்டு ராத்திரி முழுக்க விட்டேன். இன்றைக்கும் அதைத்தான் ஓட்டுகிறான். நகத்தால் தடவினால் அந்த இடம் லேசாகத் தட்டுப்படும், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு டப்பாவில் போட்டு மூடி வை. புதிதாகச் செய்யச் சொல்கிறவர்கள், தண்ணீர் தாங்குகிற ஃபெவிகால் மரைன் மாதிரிப் பசையில் ஒட்டச் சொல்லுங்கள்.


ஆற்காடு_29
செவ்வாய் மாலை

எல்லாரும் 33தான் சரி என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எனக்குச் சின்னக் கை. 33இல் எட்டு மாதம் ஓட்டினேன், கிக்ஃப்ளிப் சுற்றுவதற்கு நேரம் அதிகம் எடுக்கிறது, கீழே வந்து நிற்கும்போது விரல் ஓரத்தில்தான் விழும். 29க்கு இறங்கினேன், எல்லாம் பிடிபட்டது. முன்னெல்லாம் மர டெக்கே 29, 30 அகலத்தில்தான் அதிகம் வரும், பெரிய அகலம் பின்னால் வந்த வழக்கம். தம்பி வாங்கியாகிவிட்டது, அதை ஓட்டட்டும். ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகும் விரலுக்கு ஒட்டவில்லை என்றால் உன்னைக் குறை சொல்லிக்கொள்ளாதே, அடுத்ததைக் குறுகலாகச் செய்யச் சொல்.


சத்துவாச்சாரி_கடப்பா
செவ்வாய் இரவு

ஆற்காடு நண்பரே, கை அளவு விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், நான் அதை எழுதியிருக்க வேண்டும். ஆனால் 26இலிருந்து வருகிறவருக்கு முதல் ஒரு மாதம் எந்த மர டெக்கும் பெரிதாகத்தான் தெரியும், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

தம்பி, தளம் கேட்டாயே. சன்மைக்கா ரொம்ப வழவழப்பு, பிளாஸ்டிக் சக்கரம் அதில் பக்கவாட்டில் வழுக்கும், உன் போர்டு ஓடிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். யூரித்தேன் சக்கரம் வந்ததும் பிடிப்பு மாறிவிடும். என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் சொல்வது கடப்பாக் கல். வீடு கட்டுகிற இடத்தில் அலமாரிக்கு அறுத்த துண்டு கிடக்கும், ஒன்றரை அடிக்கு ஒரு அடி இருந்தால் போதும், கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். பாலிஷ் போடாத பக்கத்தை மேலே வை. கனமாக இருப்பதால் மேஜை மாதிரி அதிராது, வால் பட்டதும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும் பார், அந்தச் சத்தம் வந்தாலே சரியாகத் தட்டியிருக்கிறாய் என்று தெரிந்துகொள்ளலாம். சமாதிக்கல், படிக்கல் அறுக்கிற பட்டறையில் கிரானைட் ஓரத் துண்டு கிடைத்தால் அதையும் எடுத்துக்கொள், பெரிய ஸ்கேட் பார்க்கில் இருக்கிற மாதிரி திட்டு ஒன்று ஆயிற்று. ஆனால் கல்லில் வால் சீக்கிரம் தேயும். வால் நுனி கூராகத் தேய ஆரம்பித்தால் 400 உப்புத்தாளில் லேசாக உருட்டிவிட்டு, நெயில் பாலிஷ் ஒரு பூச்சு கொடு.


காட்பாடி_26
இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு இரவு

எழுதத் தாமதம் ஆகிவிட்டது, உள்தேர்வு நடந்தது. ஆனால் சொல்லியே ஆக வேண்டும்.

32 ட்ரக் வெள்ளிக்கிழமை வந்தது. அக்கா சொன்ன மாதிரி ராணிப்பேட்டையில் ஷூ சாமான் கடையில் கருப்பு ஃபோம் வாங்கினேன், 40 ரூபாய்க்குப் பத்துப் போர்டுக்கு ஆகிற அளவு கொடுத்தார். முதல் முறை ஈரத்திலேயே ஒட்டிக் கோணலாகிவிட்டது, உரித்து மறுபடி ஒட்டினேன், இரண்டாவது நன்றாக வந்தது. தெருமுனையில் வீடு கட்டுகிறார்கள், மேஸ்திரியைக் கேட்டதும் கடப்பாத் துண்டை அவரே மாடி வரை தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

முதல் நான்கு நாள் சத்துவாச்சாரி அண்ணன் சொன்னபடி உருட்டினேன், ஒல்லி பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் ராத்திரி மொட்டை மாடியில், கரன்ட் இல்லை, போன் வெளிச்சத்தில் உட்கார்ந்து தட்டினேன். மெதுவாகத்தான் தட்டினேன். 'டக்' என்று கேட்டது. போர்டு கல்லை விட்டு எழும்பி, விரலோடு ஒட்டிக்கொண்டே வந்து, நான்கு சக்கரமும் ஒன்றாக இறங்கியது. பிளாஸ்டிக்கில் ஒன்றரை வருஷத்தில் ஒருமுறைகூட அப்படி நான்கும் சேர்ந்து இறங்கின சத்தம் கேட்டதில்லை. கீழேயிருந்து அம்மா என்னடா என்று கேட்கிற அளவுக்குக் கத்திவிட்டேன்.

இப்போது பத்துக்கு ஆறு வருகிறது. கிக்ஃப்ளிப் இன்னும் ஒன்றுகூட இல்லை, பாதி சுற்றி முதுகு காட்டி விழுகிறது. ஆற்காடு அண்ணன் சொன்னது மனசில் இருக்கிறது, ஆனால் எனக்கு இந்த அகலம் பிடித்துவிட்ட மாதிரி தெரிகிறது. வால் நுனியில் ஒரு நெல் அளவுக்குச் சில்லு போயிருக்கிறது, நீலக் கோடு அந்த இடத்தில் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. தங்கச்சியின் நெயில் பாலிஷ் பூசியாயிற்று.

செய்தவருக்கு நேற்று எழுதினேன். நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதாமல், கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன், ஆடவில்லை, மூன்று இடத்திலும் ஒரே சத்தம் என்று எழுதினேன். உடனே போன் செய்துவிட்டார். அரம் தடம் தெரிகிறது என்று சொல்வார்களோ என்று பயந்துகொண்டிருந்தாராம்.

இழைப்புளி அண்ணா, உங்கள் பட்டறையில் டெக் அழுத்துகிற அச்சு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது, ஒரு ஞாயிறு குடியாத்தம் வந்தால் காட்டுவீர்களா? அப்புறம் எல்லோருக்கும், அடுத்த ஞாயிறு மாலை 5 மணிக்கு வேலூர் கோட்டைப் பூங்காவில் அகழி ஓரமாக நிழலில் உட்காரலாம் என்று நினைக்கிறேன். கடப்பாக் கல்லை நான் எடுத்து வருகிறேன். ஆம்பூர் அக்கா, உங்கள் பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.


இழைப்புளி
ஞாயிறு இரவு

தாராளமாக வா தம்பி. வரும்போது அந்தப் பலகையையும் எடுத்து வா, அப்பா பார்க்க வேண்டுமாம்.